கொடைக்கானலில் எரிந்த டயர் விளக்கு

மதுரை அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "குடும்பத்தோடு காரில் கொடைக்கானல் போனோம். வாடிப்பட்டி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் காற்று பார்த்தபோது 37, 38 இருந்தது. கம்பெனி சொன்ன 33-க்கு இறக்கிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால் டயரில் காற்று குறைவதைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரிகிறது, திரையில் நான்கு டயருக்கும் 26. வத்தலக்குண்டு இறங்குவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. ஊரில் காட்டினால், சென்சார் போச்சு, நான்கையும் மாற்றணும் என்கிறார்கள். மாற்றலாமா? நைட்ரஜன் அடித்தால் சரியாகுமா?"

மாற்றாதீர்கள் சார். டயருக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் உங்கள் சென்சார் நான்கும் நன்றாக வேலை செய்கின்றன. தவறு நடந்தது அந்தப் பங்கில்.

கதவைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் அந்த 33, வண்டி ஓடாமல் ஆறி நிற்கும்போது இருக்க வேண்டிய அளவு. மதுரையிலிருந்து வாடிப்பட்டி வரை நாற்கரச் சாலையில் வெயிலில் ஓடினால் டயர் சூடேறி 4, 5 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) கூடத்தான் செய்யும். 37, 38 என்பது சரியான காற்று. அதை 33-க்கு இறக்கியதும், ஆறிய கணக்கில் உங்களிடம் மிச்சமிருந்தது சுமார் 29.

அப்புறம் மலை. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் டயரில் ஒன்றரை முதல் 2 பிஎஸ்ஐ வரை குறையும். மதுரையின் 28 டிகிரி எங்கே, கொடைக்கானல் விடியற்காலையின் 10 டிகிரி எங்கே! இன்னொரு 3 போய் 26-க்கு வந்துவிட்டது. சொன்ன அளவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதுதான் பொதுவான அமைப்பு. 33-ல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 26.4. இறங்கி வரும்போது டயர் சூடானது, விளக்கும் அணைந்தது. ஆனால் காற்றுக் குறைவு அப்படியேதான் இருக்கிறது. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும்; முழுச் சுமையோடு வேகமாக ஓட்டும்போது டயர் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

மலையில் காற்று அளக்கும் கையடக்க கேஜ் வைத்துப் பார்த்திருந்தால் 29 காட்டியிருக்கும், உங்களுக்கு இன்னும் குழப்பமாகியிருக்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் மதுரையைவிட ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைவு என்பதால் கேஜ் அந்த அளவு கூட்டிக் காட்டும். பல சென்சார்கள் இந்த உயரக் கணக்கைப் பார்ப்பதில்லை. இரண்டிலும் பழுதில்லை.

சென்சார் உண்மையிலேயே போயிருந்தால் அடையாளம் வேறு. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் விளக்கு ஒரு நிமிடம்போல மின்னி மின்னி, பிறகு நிலையாக எரியும்; திரையில் எண்ணுக்குப் பதில் கோடு வரும். உள்ளே இருக்கும் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டு தாங்கும். ஒரு டயர் மட்டும் தனியாக இறங்கினால் ஆணியைத் தேடுங்கள். நான்கும் சேர்ந்து இறங்கினால் குளிர், அல்லது உங்களுக்கு நடந்ததுபோல யாரோ இறக்கிவிட்ட காற்று.

நைட்ரஜன் பற்றி: நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். குளிரில் அதுவும் இதே அளவு சுருங்கும். காசு கொடுக்க வேண்டாம்.

திரையில் எண் காட்டாமல் விளக்கு மட்டும் உள்ள வண்டிகள் சிலவற்றில் டயருக்குள் சென்சாரே இருக்காது. காற்று குறைந்த சக்கரம் சற்று வேகமாகச் சுற்றுவதை ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) மூலம் கண்டுபிடிக்கும் முறை அது. நான்கும் ஒரே அளவில் இறங்கினால் அதற்குத் தெரிவது கஷ்டம். காற்று அடித்தபின் ரீசெட் பட்டனை அழுத்த வேண்டும். தப்பான காற்றில் அழுத்தினால் அதையே சரியென்று பழகிக்கொள்ளும்.

உங்களுடையதில் வால்வோடு சேர்ந்தே சென்சார் இருக்கிறது. பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும் முன்பே, "அண்ணே, உள்ளே சென்சார் இருக்கு, வால்வ் பக்கம் கம்பியைப் போடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை சென்சார்கள் தானாகச் செத்ததைவிட அந்தக் கம்பியில் உடைந்ததுதான் அதிகம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: நாளை காலை வெயில் ஏறும் முன் வீட்டு வாசலிலேயே நான்கையும் பாருங்கள். எட்டு மணியானால் வெயில் படும் பக்கத்து டயர் சுவர் நிழலில் நிற்கும் டயரைவிட ஒன்றிரண்டு கூடக் காட்டும். பக்கத்துக் கடை வரை மெதுவாக ஓட்டிப் போய் 33 வையுங்கள். குடும்பமும் பெட்டியும் ஏறினால் அதே ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு இருக்கும் எண்ணை வையுங்கள். ஸ்டெப்னியையும் கையோடு பார்த்துவிடுங்கள், அதில் பெரும்பாலும் சென்சார் இருக்காது. ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடி பார்த்து, எந்த டயராவது 2 பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் வால்வ் வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் உள்ளிருக்கும் வால்வ் பின்னை மட்டும் மாற்றினால் போதும்.