சாய்த்துத் தடித்த எழுத்துக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

கேள்வி: கோவையில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். கோடிங் கற்றுத்தரும் எங்கள் செயலிக்காக ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் மோனோஸ்பேஸ் ஃபான்டில் ரெகுலர் (சாதாரண எழுத்து) மட்டும் வாங்கினோம். தடித்துச் சாய்ந்த போல்ட் இட்டாலிக்குக்குத் தனி விலை. அதனால் எங்கள் டிசைனர் ரெகுலர் ஃபைலைத் திறந்து, எழுத்துகளைச் சாய்த்துத் தடிமனாக்கிச் செயலியில் சேர்த்துவிட்டார். இப்போது நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. எழுத்து வடிவத்துக்குப் பதிப்புரிமையே கிடையாது என்கிறார் நண்பர். சரியா?

பதில்: பாதி சரி. அந்தப் பாதியை நம்பி நோட்டீஸைக் கிடப்பில் போட்டுவிடாதீர்கள்.

'ஆனந்தா எக்ஸ்பாண்டட் இட்டாலிக்ஸ்' என்ற எழுத்துரு விவகாரத்தில், எழுத்து வடிவம் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வராது என்று பதிப்புரிமை வாரியம் 2002இல் முடிவு செய்தது. வடிவத்தைக் காக்க 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது; அதற்கு இந்தியாவில் பதிவு செய்திருக்க வேண்டும், அதுவும் அதிகபட்சம் 15 ஆண்டுதான். அப்படிப் பதிவு உண்டா என்று முதலில் பாருங்கள்.

சிக்கல் ஃபைலில் இருக்கிறது. உங்கள் டிசைனர் வடிவத்தைப் பார்த்து வரையவில்லை, அவர்களுடைய ஃபைலையே திருத்தியிருக்கிறார். ஃபான்ட் ஃபைல் பதிப்புரிமை உள்ள ஒரு கணினி நிரல், அதைத் திருத்தியது அத்துமீறல் என்று வாதிடுவார்கள். அந்த வாதம் எடுபடாவிட்டாலும் லைசென்ஸ் ஒப்பந்தம் இருக்கிறது. திருத்தக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலான லைசென்ஸ்களில் உண்டு.

'நாங்களே வரைந்தோம்' என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள். மோனோஸ்பேஸில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். தடிமன் கூடினாலும் அகலம் கூடாது என்பதால், அசல் போல்ட் இட்டாலிக்கில் ஆங்கில 'எம்' எழுத்தின் நடுக்காலை மெலிய வைப்பார்கள். பல ஃபான்ட்களில் 'எஃப்', 'ஏ' போன்றவற்றின் உருவமே மாறும். வெறுமனே சாய்த்ததில் இந்த வேலை எதுவும் இருக்காது. எழுத்தின் விளிம்பை வரையும் கோட்டுப் புள்ளிகளின் வரிசை பெரும்பாலும் ரெகுலரில் இருந்தபடியே இருக்கும். இரண்டு ஃபைலையும் அருகருகே திறந்தாலே குட்டு உடைந்துவிடும். பொய்யான பதில், திருத்தியதைவிடப் பெரிய தலைவலி.

அப்புறம், வாங்கிய ரெகுலர் லைசென்ஸைப் படியுங்கள். கணினியில் நிறுவிப் பயன்படுத்த மட்டுமான டெஸ்க்டாப் லைசென்ஸ் என்றால், பெரும்பாலும் செயலிக்குள் வைக்க அனுமதி இருக்காது. அப்படியானால் ரெகுலருக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

என் யோசனை இதுதான். அடுத்த அப்டேட்டிலேயே அந்த ஃபான்டை எடுத்துவிட்டு, 'ஐபிஎம் பிளெக்ஸ் மோனோ' என்ற மோனோஸ்பேஸ் ஃபான்டின் போல்ட் இட்டாலிக்கைப் போடுங்கள். அது ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருவது. வணிகச் செயலியிலும் வைக்கலாம், திருத்தலாம். லைசென்ஸ் வாசகத்தைச் சேர்க்க வேண்டும், ஃபான்டைத் தனியாக விற்கக் கூடாது, திருத்தினால் 'பிளெக்ஸ்' என்ற பெயர் கூடாது. பழைய ஃபைல்களை அழிக்க வேண்டாம், அழித்தால் சந்தேகம்தான் வலுக்கும்.

கேட்ட தொகையை அப்படியே ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை. அன்றைக்கே போல்ட் இட்டாலிக்கைச் செயலி லைசென்ஸோடு வாங்கியிருந்தால் என்ன விலை ஆகியிருக்குமோ, அங்கிருந்து பேரத்தைத் தொடங்கலாம். தெரிந்தே திருட்டு நிரலைப் பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பதால், மின்னஞ்சலில் அவசரப்பட்டு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்வாய்ஸ், லைசென்ஸ் நகல், டிசைனர் வெளியாள் என்றால் அவரோடு போட்ட ஒப்பந்தம், மூன்றையும் எடுத்துக்கொண்டு நோட்டீஸ் கெடு முடிவதற்குள் ஒரு வக்கீலைப் பாருங்கள்.