கடையில் பூவோடு வாங்கிய ஆர்க்கிட், சென்னை வீட்டில் மறுபடி பூக்குமா?

பரிசாக வந்த வெள்ளை ஆர்க்கிட் இரண்டு மாதம் பூத்து நின்றது, அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக இலை மட்டும்தான், உரத்தை மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு வேளச்சேரியில் மூன்றாவது மாடி என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

ஒரு சென்னைக் கோடையை அது தாண்டிவிட்டதென்றால் உங்கள் பராமரிப்பில் பெரிய பிழை எதுவும் இல்லை. இந்தச் செடிகளில் பல, அன்பு மிகுந்து ஊற்றப்படும் தண்ணீரில் வேர் அழுகியே போகின்றன. உரக்கடைக்கு இனி அலைய வேண்டாம். அதற்குக் கிடைக்காமல் இருப்பது குளிர்ச்சி.

உங்களிடம் இருப்பது ஃபலனாப்சிஸ். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்து மழைக்காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு நிழலில் வளரும் இனம். வெப்ப மண்டலச் செடிதானே, நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளாதா என்று தோன்றும். இலை விடுவதற்கு ஒத்துக்கொள்ளும். பூத்தண்டு கிளம்புவதற்கு மட்டும் சில வாரங்கள் தொடர்ந்து வெப்பம் ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே இருந்தாக வேண்டும். நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களில் இதை வைத்தே காலண்டர் போடுகிறார்கள்: 28 டிகிரியில் வைத்து இலையை மட்டும் வளர்ப்பார்கள், விற்பனைக் காலம் நெருங்கும்போது வெப்பத்தைக் குறைத்துப் பூக்க வைப்பார்கள். சென்னை வீடு வருடத்தில் பெரும்பகுதி அந்த 28 டிகிரிக் குடிலாகத்தான் இருக்கிறது. இரவில் மட்டும் ஏசி அறையில் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பகல் கொதித்தால் இரவுக் குளிர்ச்சி தனியாக அந்த வேலையைச் செய்யாது.

உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு மார்கழி, தை. ஜனவரி இரவுகளில் 21 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. வீட்டிலேயே குளிர்ச்சியான, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல் ஓரத்தில் டிசம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி பாதி வரை வையுங்கள். இரவில் ஜன்னல் திறந்திருக்கட்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, வெளிர்பச்சைதான் நல்லது. இத்தனை செய்தும் பூக்காமல் போகலாம். பெங்களூரிலோ குன்னூரிலோ இருப்பவர்கள் இந்தச் செடியைப் பற்றிச் சொல்லும் பெருமைகளைக் கேட்டு மனம் நோகாதீர்கள், அங்கே பாதி வேலையை ஊர் செய்துவிடுகிறது.

தண்ணீர் விஷயத்தில் வேரைப் பார்த்தால் போதும். அதன் மேல் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. நனைந்தால் பச்சையாகவும் காய்ந்தால் வெள்ளி நிறமாகவும் தெரியும். வெள்ளியானதும் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி, முழுக்க வடிய விடுங்கள். இலைக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், அங்கே அழுகினால் செடியைக் காப்பாற்றுவது கடினம். போர் தண்ணீரின் உப்பு வேர் நுனியைக் கருக்கிவிடும். மழைத்தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் மூன்றும் ஏற்றவை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் வீணாகிறதே என்று இதற்கு ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. உரம், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19, லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. அதற்கு மேல் வேண்டாம்.

இன்னும் கடையில் வந்த தொட்டியிலேயே இருக்கிறதா? வேர்களுக்கு நடுவே ஈரப்பாசி உருண்டை ஒன்று இறுகிக் கிடக்கும். எடுத்துவிடுங்கள். அடுப்புக்கரி, செங்கல் துண்டு, நன்றாக ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றைக் கலந்து, பக்கவாட்டிலும் துளையுள்ள தொட்டியில் மாற்றுங்கள். மண் கூடாது. தேங்காய் நார்த்தூளும் கூடாது, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், ஃபலனாப்சிஸ் சென்னைக்கு ஏற்ற செடியே அல்ல. கண்காட்சிகளில் நீல ஃபலனாப்சிஸ் ஒன்று பளிச்சென்று நிற்கும்; அது சாயம் ஏற்றியது, அடுத்த முறை பூத்தால் வெள்ளையாகத்தான் பூக்கும். ஆர்க்கிட் ஆசை தீரவில்லையென்றால் டென்ட்ரோபியம் வாங்குங்கள். கல்யாண வரவேற்பு மேடைகளில் ஊதாவும் வெள்ளையுமாகப் பார்த்திருப்பீர்களே, அதுதான். தாய்லாந்தில் பெருமளவு வளர்க்கப்படும் கலப்பினங்கள் இவை, பாங்காக்கின் புழுக்கத்துக்குப் பழகியவை. பூக்கத் தனியாகக் குளிர் கேட்பதில்லை. கிழக்குப் பார்த்த பால்கனி கிரில்லில் கரித்துண்டு நிரப்பிய தொட்டியைத் தொங்கவிட்டு, மூன்று நான்கு மணி நேரக் காலை வெயில் படும்படி வைத்தால் போதும். சித்திரை, வைகாசியில் மட்டும் பச்சை நிழல்வலை கட்டுங்கள், தினமும் காலையில் தண்ணீர் தெளியுங்கள். இலை உதிர்ந்து வெறுமையாக நிற்கும் பழைய தண்டுகளைக் காய்ந்துவிட்டதென்று நினைத்து வெட்டாதீர்கள். தண்டு சுருங்கிப் பழுப்பாகாத வரை அதில் உணவுச் சேமிப்பு இருக்கிறது, பல நேரம் அதன் நுனியிலிருந்தே அடுத்த கொத்து வரும்.