பல்லும் பலீனும்

ஐயா,

பலீன் திமிங்கலங்களின் முன்னோருக்குப் பல் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். பலீன், அதாவது அவை பல்லுக்குப் பதிலாக இரையை வடிகட்ட வாயில் வைத்திருக்கும் தகடுகள், நம் நகத்தைப் போன்ற பொருள், புதைபடிவமாவது அரிது என்றும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் அது எப்போது வந்தது என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? என் மாணவர்கள் கேட்டார்கள், பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் பக்கத்துப் பாறைகளில் இப்படி ஏதாவது கிடைக்குமா?

ஓர் அறிவியல் ஆசிரியை, அரூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கிடைக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் பெரும்பாலானவை 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. எலும்புள்ள உயிரே அப்போது கிடையாது. அரியலூர்க் கடல்படிவுகளும் திமிங்கலத்துக்கு முந்தியவைதான். குஜராத்தின் கட்ச் பகுதியில் ஆதித் திமிங்கல எலும்புகள் கிடைத்திருக்கின்றன.

சரி, பலீனுக்கு வருவோம். அது மட்கிப்போனாலும் மேலண்ண எலும்பு மிஞ்சும். இன்றைய பலீன் திமிங்கலங்களின் அண்ணத்தில், பலீனுக்கு ரத்தம் கொண்டுபோகும் துளைகளும் பள்ளங்களும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகனில் கிடைத்த ஏட்டியோசீட்டஸ் என்ற பழங்காலத் திமிங்கலத்துக்குப் பல்லும் இருக்கிறது, அந்தத் துளைகளும் இருக்கின்றன. ஒரே வாயில் பல்லும் பலீனும் சேர்ந்து இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் டெமெரேயும் அவர் குழுவினரும் 2008-ல் எழுதினார்கள்.

அப்புறம்தான் சிக்கல். அண்டார்க்டிகாவில் கிடைத்த லானோசீட்டஸ் என்ற இன்னொரு பழங்காலத் திமிங்கலம் ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுக்கு முந்தியது, எட்டு மீட்டர் நீளம். அதன் அண்ணத்திலும் இதே பள்ளங்கள். ஆனால் பற்கள் இடைவெளி விட்டு நிற்கின்றன, இரையைக் கடித்த தேய்மானமும் தெரிகிறது. ஆய்வாளர்கள் ஃபோர்டைஸும் மார்க்ஸும் 2018-ல், அந்த ரத்தம் போனது பலீனுக்கு அல்ல, பெரிய ஈறுகளுக்கு என்றார்கள். அதே ஆண்டில் ஓரிகனில் கிடைத்த மையபலேனா என்ற பழங்காலத் திமிங்கலத்தை விவரித்தவர்கள், அதற்குப் பல்லும் இல்லை, பலீனும் இல்லை, இரையை உறிஞ்சித் தின்றது என்றார்கள். இது சரியென்றால் பல் போன பிறகுதான் பலீன் வந்தது. ஆனால் 2021-ல் ஏட்டியோசீட்டஸை சிடி ஸ்கேன் செய்தபோது, அந்தத் துளைகள் இன்றைய பலீன் திமிங்கலங்களில் இருப்பதைப் போலவே உள்ளே போய், மேல்தாடைக்குள் ஓடும் ரத்தக்குழாய்ப் பாதையோடு இணைவது தெரிந்தது. ஆக வழக்கு இன்னும் முடியவில்லை. துளையை மட்டும் சாட்சியாக வைத்துப் பலீன் இருந்தது என்று தீர்ப்பெழுத முடியாது என்பதே என் கருத்து.

முன்னோருக்குப் பல் இருந்ததில் மட்டும் சந்தேகமே வேண்டாம். பெருவில் கிடைத்து 2017-ல் விவரிக்கப்பட்ட மிஸ்டகோடான் என்ற ஆதி பலீன் திமிங்கல வகை, 3.6 கோடி ஆண்டுக்கு முந்தையது, பல்லோடு இருக்கிறது. இன்றும் பலீன் திமிங்கலக் கருவில் பல் மொட்டுகள் தோன்றி, பிறப்பதற்குள் கரைந்துவிடுகின்றன.

லானோசீட்டஸ், ஏட்டியோசீட்டஸ் இரண்டின் அண்ணப் படங்களையும் வகுப்பில் காட்டுங்கள். எதில் பலீன் இருந்திருக்கும் என்று பிள்ளைகளே வாதாடட்டும். என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.