கொல்லைப்புறத்துக்கு வரும் பறவைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுத்தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் பற்றியும் பிற உயிர்களைப் பற்றியும் அவற்றைப் படமெடுப்பது பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது.

பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். கொல்லையில் மாவும் கொய்யாவும் இருப்பதால் நிறையப் பறவைகள் வருகின்றன. கைப்பேசியில் எடுத்தால் புள்ளியாகத்தான் தெரிகின்றன. எந்தக் கேமரா வாங்கலாம்?
– கும்பகோணம் வாசகர்

கேமராவுக்கு முன்னால் ஓர் இருநோக்கியை வாங்குங்கள். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டுவதும் முகப்பு வில்லை 42 மி.மீ. அளவுள்ளதுமான இருநோக்கி (கடையில் 8×42 என்று கேட்டால் போதும்) தோட்டத்துக்கும் வயல்வெளிக்கும் பொருந்தும். காட்டுக்குச் சென்று படமெடுப்பவரின் கண்ணில் ஒரு பறவை ஒரு முறைதான் படும் என்பதால் அவர் அவசரப்பட்டே ஆக வேண்டும். உங்கள் கொய்யா மரத்துக் கொண்டைக்குருவியோ நாளையும் அதே கிளைக்கு வரும். அது எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து வருகிறது, பழத்தில் வாய் வைப்பதற்கு முன் எந்தக் கொம்பில் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கிறது என்பதையெல்லாம் ஒரு மாத காலம் குறித்து வைத்தீர்களானால், அதன் பிறகு வாங்கும் கேமரா எதுவானாலும் உருப்படியான படம் கிடைக்கும். அந்தக் குறிப்புகள் இல்லாமல் இறங்கினால், எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் பறவையின் முதுகும் வாலும்தான் மிஞ்சும்.

லென்ஸைப் பொறுத்தவரை, குவியத் தொலைவு (இது கூடக்கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்) 300 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். தேன்சிட்டைப் போன்ற சிறு பறவைகளுக்கு 400 மி.மீ.கூட அதிகமில்லை. தனி லென்ஸ் வாங்க இயலாதவர்களுக்கு, பெரிய அளவில் ஜூம் செய்யும் வசதி உடலோடு சேர்ந்தே வரும் கேமராக்கள் இருக்கின்றன. நல்ல வெளிச்சத்தில் அவை ஏமாற்றுவதில்லை. மறைவிடம் என்று தனியாக எதுவும் அமைக்க வேண்டியதில்லை, ஏனெனில் அடுக்களை ஜன்னலே போதுமான மறைவிடம். கம்பிகளுக்கிடையில் லென்ஸ் நுழையுமளவு விட்டு மற்ற இடத்தைத் திரையால் மூடி, அரிசி நிரப்பிய சிறு துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் கேமராவைச் சாய்த்துக்கொண்டால் முக்காலிகூடத் தேவைப்படாது.

அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/250 நொடி ஷட்டர் வேகம் போதும் என்று சொல்லப்படுவதுண்டு. தலையை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்கும் தோட்டத்துப் பறவைகளுக்கு அது போதாது. 1/1000 நொடியிலிருந்து தொடங்குங்கள். அதனால் ஐ.எஸ்.ஓ. (கேமரா ஒளியை உணரும் திறன்) அளவு உயர்ந்து படத்தில் மணல்மணலாகத் தெரிந்தாலும் கவலை வேண்டாம், அதைப் பின்னர் ஓரளவு சரிசெய்ய முடியும். அசைந்து கலங்கிய படத்தை எவராலும் மீட்க முடியாது. குவியப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். கேமரா பறவையின் உயரத்திலேயே இருக்கட்டும். தரையில் மேயும் மைனாவை நின்றபடி எடுப்பதற்கும் தரையில் அமர்ந்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே காலையில் கண்டுகொள்வீர்கள்.

என் தோட்டத்துக்குக் காகம், மைனா, தவிட்டுக்குருவி ஆகியவைதான் வருகின்றன. இவற்றைப் படமெடுத்து என்ன ஆகப் போகிறது?
– திண்டுக்கல் வாசகர்

தவிட்டுக்குருவியை நீங்கள் இப்படி ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை. வெளிறிய தலையும் மஞ்சள் அலகும் கொண்ட நம் ஊர்த் தவிட்டுக்குருவி உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. வட இந்தியாவிலிருந்து பறவை பார்க்க வருபவர்கள் இதைத் தேடிக் குறித்துக்கொண்டு போகிறார்கள். கூட்டமாகத் தரையில் சருகுகளைப் புரட்டிக்கொண்டிருக்கையில் ஒன்று மட்டும் கிளையில் அமர்ந்து காவல் காப்பதையும், ஒன்றன் இறகை மற்றொன்று கோதிவிடுவதையும், ஒரே கூட்டிலுள்ள குஞ்சுகளுக்குப் பெற்றவை மட்டுமன்றிக் கூட்டத்தின் பிற உறுப்பினர்களும் இரை கொண்டுவருவதையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததில்லை என்றால் படமெடுக்க இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது என்று பொருள். இவற்றின் கூட்டில்தான் சுடலைக்குயில் முட்டையிடுகிறது. கறுப்பும் வெள்ளையுமாகக் கொண்டை வைத்த அந்தக் குயிலின் குஞ்சைத் தவிட்டுக்குருவிகள் தம் குஞ்சாகவே எண்ணி ஊட்டி வளர்க்கும் காட்சி எந்தச் சரணாலயப் படத்துக்கும் குறைந்ததன்று. காகத்துக்கும் இவ்வாறே: மே, ஜூன் மாதங்களில் காகத்தின் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு அலையும் குஞ்சைக் கூர்ந்து பாருங்கள், அது குயில் குஞ்சாக இருக்கக்கூடும்.

திருநெல்வேலியில் பிறந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்துப் புகழ்பெற்றவர். அவரே 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் எழுதிவந்த பத்தியில் காகத்துக்கும் அணிலுக்கும் ஓணானுக்கும் யானைக்குத் தந்த அதே கவனத்தைத் தந்தார்.

செம்பருத்திக்கு வரும் சிட்டு ஒன்றின் வயிறு மஞ்சளாகவும், தாடையிலிருந்து வயிறு வரை நடுவில் ஒரு கறுப்புக் கோடாகவும் இருக்கிறது. இது பெண் தேன்சிட்டா, வேறு இனமா?
– புதுச்சேரி வாசகி

ஆண்தான். ஊதாத் தேன்சிட்டின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் முழுவதும் கருநீலமாக மின்னும். அக்காலம் முடிந்ததும் அந்த இறகுகளை உதிர்த்துப் பெண்ணைப் போன்ற மங்கலான தோற்றத்தைப் பெறும்போது கழுத்திலும் மார்பிலும் இந்தக் கோடு மட்டும் மிஞ்சுகிறது. பெண்ணுக்குக் கோடு கிடையாது. அதே சிட்டை மாதமொரு முறை அதே செடியில் படமெடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். கோடு அகன்று அகன்று முழு நீலமாவதைக் காணலாம். தொண்டை வெளுத்தும் வயிறு மட்டும் மஞ்சளாகவும் இருந்தால் அது ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெண்.

ஒரு தேன்சிட்டு நாள் முழுவதும் ஸ்கூட்டர் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கிறது. விரட்டினாலும் திரும்பி வருகிறது. அதற்கு என்ன ஆயிற்று?
– ஈரோடு வாசகர்

ஒன்றும் ஆகவில்லை. தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் புகுந்துவிட்டதாகக் கருதித் தன் நிழலோடு சண்டையிடுகிறது. கூடு கட்டும் காலத்தில் குண்டுக்கரிச்சானும் இப்படிச் செய்வதுண்டு. சில வாரங்களில் தானாக அடங்கிவிடும் என்றாலும், அதுவரை அது இரை தேடும் நேரத்தையும் உடல் வலிமையையும் வீணாக்குவதால், வண்டியை நிறுத்தியதும் கண்ணாடியில் ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியானால் வெளிப்புறத்தில் தாளை ஒட்ட வேண்டும். உள்ளே திரை போட்டால் பிம்பம் மறையாது. கொத்துவது வேறு, பறந்து வந்து மோதுவது வேறு. மோதல் நிகழும் வீடுகளில் கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் வைப்பது நல்ல தடுப்பு.

தொட்டியில் வளரும் செடியின் இலைகளைத் தைத்துத் தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. முட்டையும் இருக்கிறது. முன்னால் உள்ள இலைகள் மறைக்கின்றன. இரண்டு மூன்றை மட்டும் கத்தரித்துவிட்டுப் படமெடுக்கலாமா?
– நாகர்கோவில் வாசகி

கூடாது. அந்த இலைகள் உங்கள் கேமராவை மறைப்பதற்காக அங்கே இல்லை. உச்சிவெயிலையும் காகத்தையும் செம்போத்தையும் ஓணானையும் மறைப்பதற்காக இருக்கின்றன. எங்கு கட்டினால் இலை மறைக்கும் என்று பார்த்தே அந்தச் சிட்டு இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அலகால் இலையின் ஓரத்தில் துளையிட்டு, சிலந்தி நூலையோ பஞ்சிழையையோ அதில் செலுத்தி, மறுபுறம் அந்த இழை பிரிந்து விரிந்து தானே பிடித்துக்கொள்ளும்படி செய்யும் அதன் வேலையை நீங்கள் பார்த்திருந்தால் கத்தரியை எடுக்க மனம் வந்திருக்காது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், காட்டுப் பறவைகளின் முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் இடையூறு செய்வதை வேட்டையின் விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. காட்டுயிர்ப் படப் போட்டிகள் பலவற்றில் கூட்டுப் படங்களை வாங்குவதே இல்லை. வாங்கினால், இன்னும் பலர் கத்தரியோடு கிளம்புவார்கள்.

முட்டைக்காலம் ஏறத்தாழ 12 நாள். குஞ்சு கூட்டை விட்டு வெளிவர மேலும் இரண்டு வாரம். அதுவரை தொட்டியை நகர்த்தாமல், செடிக்கு வழக்கம்போல் அடியில் மட்டும் நீர் ஊற்றி, கூட்டை எட்டிப் பார்க்கும் ஆசையை வீட்டிலுள்ள பிள்ளைகளும் அடக்கிக்கொள்ளும்படி பார்த்துக்கொள்ளுங்கள். படம் வேண்டுமென்றால் கூட்டை விட்டுவிட்டுக் கூட்டுக்கு வரும் வழியைப் பாருங்கள். தாயும் தந்தையும் நேராகக் கூட்டுக்குப் பறப்பதில்லை. அருகிலுள்ள ஏதேனும் ஒரு கொம்பில் நின்று நோட்டம் பார்த்த பிறகே நுழையும். வாயில் பச்சைப் புழுவோடு அவை நிற்கும் அந்தக் கொம்பை ஐந்தாறு மீட்டர் தள்ளி ஜன்னலிலிருந்து எடுங்கள். நீங்கள் பார்ப்பதால் அவை வாயில் இரையோடு கத்திக்கொண்டு கூட்டுக்குள் போகத் தயங்கினால், நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள்; எழுந்து வந்துவிடுங்கள். பொறுமையாக இருந்தால், வால் முளைக்காத குஞ்சுகள் வெளிவந்து ஒரே கொம்பில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் காட்சியும் கிடைக்கலாம்.

குரலைப் பதிவு செய்து கைப்பேசியில் ஒலிக்கவிட்டால் பறவை உடனே வருகிறதே, செய்யலாமா?
– சென்னை வாசகர்

வருவது உங்களைப் பார்க்க அன்று, எதிரியை விரட்ட. வேண்டாம்.

தினமும் காகத்துக்குச் சோறு வைத்து வருகிறேன். முன்பு வந்த சிறு பறவைகள் இப்போது வருவதில்லை. சிட்டுக்குருவிக்கு என்ன வைக்கலாம்?
– மதுரை வாசகி

சோறு வைப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அது நெடுங்கால வழக்கம். ஆனால் சோறு நிறைய விழும் இடத்தில் காகங்கள் தங்கிவிடும், காகங்கள் தங்கிய தோட்டத்தில் சிறு பறவைகளின் முட்டையும் குஞ்சும் பிழைப்பது கடினம். ஒரு கைப்பிடி மட்டும், மொட்டைமாடியிலோ தெருப்பக்கத்திலோ வைத்து, கொல்லைப்புறத்தைச் சிறு பறவைகளுக்கு விட்டுவிடலாம். சிட்டுக்குருவிக்குக் கம்பும் தினையும் தூவலாம். எனினும் அதன் குஞ்சுக்கு வேண்டியது தானியமன்று, பூச்சியும் புழுவும். செடிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டுத் தட்டில் தானியம் வைப்பதில் பயனில்லை. கறிவேப்பிலை பழுத்தால் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். இட்லிப்பூ, செம்பருத்தி, கல்யாண முருங்கை ஆகியவற்றுக்குத் தேன்சிட்டு வரும்.

எல்லாவற்றையும்விட நீர் முக்கியம். ஐந்து செ.மீ. ஆழத்துக்கு மேற்படாத மண்தட்டில் நடுவே ஒரு கல்லை இட்டு, பூனை பதுங்க முடியாதபடி புதரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவி நீரை மாற்றினால் கொசு முட்டை பொரிந்து வளர இடமிராது. படமெடுப்பவர்களுக்கும் இது நல்ல இடம்: குளித்துவிட்டுச் சிறகை உதறும் நொடியில் 1/2000 நொடி வேகம் வைத்தால் நீர்த்துளிகள் தனித்தனியாகப் பதியும்.

அக்டோபரில் பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் கலந்த குட்டைவால் பறவை ஒன்று எங்கள் வராந்தாவில் பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் கையில் வைத்துப் படமெடுத்தார்கள். மறுநாள் இறந்துவிட்டது. அது என்ன பறவை?
– விழுப்புரம் வாசகர்

ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கோடையைக் கழித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது; இரவில் பறக்கும். விளக்கொளியில் தடுமாறியும் களைத்தும் இப்படி வீடுகளில் இறங்குவது அந்த மாதங்களில் நடக்கிறது. இனி வந்தால், காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மெதுவாக விட்டு மூடி, இருட்டான அமைதியான அறையில் வையுங்கள். வாயைத் திறந்து நீரோ உணவோ ஊட்டாதீர்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும், அப்போது செடிகள் அடர்ந்த மூலையில் விடலாம். தெளியவில்லை அல்லது சிறகு தொங்குகிறது என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். களைத்த பறவைக்கு மனிதக் கையின் பிடியே பேரச்சம் என்பதால் கையில் வைத்துப் படமெடுப்பதை அடியோடு விட வேண்டும்.

எடுத்த படங்களை என்ன செய்வது?
– கோயம்புத்தூர் வாசகி

தேதி, நேரம், செடி, செயல் ஆகிய நான்கையும் படத்தோடு எழுதி வையுங்கள். பறவை பார்ப்பவர்கள் தம் பட்டியல்களைப் பதிவதற்காக 2002இல் தொடங்கப்பட்ட ‘ஈபேர்ட்’ இணையதளத்தில் உங்கள் தோட்டத்தை ஓர் இடமாகப் பதிந்து, 15 நிமிடம் பார்த்த பறவைகள் அனைத்தையும் (காகத்தையும் விடாமல்) பட்டியலிட்டுப் படத்தை இணைக்கலாம். பெயர் தவறாக இருந்தால் சரிபார்ப்போர் எழுதிக் கேட்பார்கள். ஜனவரியில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் நான்கு நாட்களுக்கு உலகெங்கும் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பிலும் இப்பட்டியல்கள் சேர்கின்றன. ஆந்தையின் பொந்தை மட்டும் இடம் தெரியும்படி எங்கும் வெளியிடாதீர்கள். மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரவில் ஓட்டின்மேல் மரநாய் நடக்கிறது. ஃபிளாஷ் போட்டு எடுக்கலாமா?
– தென்காசி வாசகர்

இருளுக்குப் பழகிய கண்ணில் ஃபிளாஷ் பாய்ந்தால் அது சிறிது நேரம் பார்வை தடுமாறி ஓட்டிலிருந்து சறுக்கக்கூடும். அசைவை உணர்ந்து அகச்சிவப்பு ஒளியில் தானே படமெடுக்கும் கேமராவை அது இறங்கும் தென்னைக்கு எதிரே கட்டி வைத்துவிட்டு நீங்கள் தூங்கலாம். படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். எத்தனை மணிக்கு வந்தது, குட்டியோடு வந்ததா என்பதெல்லாம் அதிலேயே பதிந்திருக்கும்.