பாறைக்குள் சிக்கும் திரவம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எண்ணெய்ப் பாறைக்குள் தண்ணீரைச் செலுத்தினால் எண்ணெய் முழுவதும் வெளியே வந்துவிடாதா?

வராது. பாறையின் நுண்துளைகளில் அகன்ற அறையும் குறுகிய கழுத்தும் மாறி மாறி வரும். சுவர் தண்ணீரில் எளிதில் நனைவதாக இருந்தால், தண்ணீர் சுவரோரமாக முந்திச் சென்று கழுத்தில் திரண்டு, எண்ணெய் இழையைத் துண்டித்துவிடும். அறைக்குள் இருக்கும் எண்ணெய் தனித் துளியாக நின்றுவிடும். தந்துகி விசை (குறுகிய துளையில் திரவங்களின் பரப்பு இழுவிசையால் எழும் விசை) அதைப் பிடித்துக்கொள்வதால், சாதாரண அழுத்தத்துக்கு அது அசையாது.

கேள்வி: இதில் சுவரின் சொரசொரப்புக்கு என்ன வேலை?

பெரிய வேலை. வழவழப்பான சுவரில் படியும் நீர்ப் படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். அதன் வழியே தண்ணீர் நகர்வது மிகக் கடினம். சொரசொரப்பான சுவரின் பள்ளங்களோ வாய்க்கால்போல் தண்ணீரைத் தாங்கி நிற்கும். படலத்தில் பாயும் அளவு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது: தடிமன் 10 மடங்கானால் ஓட்டம் 1000 மடங்காகும். கழுத்துக்குத் தண்ணீர் விரைவாக வந்து சேர்கிறது, துண்டிப்பும் பெருகுகிறது. எண்ணெய் எடுப்பவருக்கு இது நட்டம்.

கேள்வி: அப்படியானால் சொரசொரப்பான பாறை எப்போதும் அதிகமாகப் பிடித்துவைக்குமா?

இல்லை. இப்படி எண்ணிக்கொள்வதுதான் பலரையும் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. சொரசொரப்பு, சுவருக்கு ஏற்கெனவே இருக்கும் விருப்பத்தை மிகைப்படுத்துகிறது. சுவரில் தண்ணீர்த் துளியின் விளிம்பு அமைக்கும் கோணமே தொடுகோணம்; அது சிறிதானால் சுவர் நன்றாக நனைகிறது என்று பொருள். ஆய்வாளர் வென்செல் 1936-இல் தந்த சமன்பாட்டின்படி, உண்மையான பரப்பு தட்டையான பரப்பைப்போல் 1.5 மடங்கு இருந்தால், 60 பாகைத் தொடுகோணம் ஏறத்தாழ 41 பாகையாகக் குறையும். அதாவது, சுவர் இன்னும் நன்றாக நனையும். 90 பாகையைத் தாண்டிய சுவரிலோ நேர்மாறாக, தண்ணீர் இன்னும் விலகும்.

கச்சா எண்ணெயில் உள்ள அஸ்பால்டீன்கள் என்னும் கனமான மூலக்கூறுகள் நெடுங்காலம் படிந்த பாறையில் சுவரே எண்ணெயை விரும்பத் தொடங்கிவிடும். அப்போது பள்ளங்களில் ஓடுவது எண்ணெய். அது தொடர்பு அறாமல் மெல்ல வடிந்து வெளியேறும். புடைப்புகளில் எண்ணெயும் பள்ளங்களில் தண்ணீருமாகக் கலந்து கிடக்கும் பாறைகளும் உண்டு. நனைதன்மையை, அதாவது சுவர் எந்தத் திரவத்தை விரும்புகிறது என்பதை, சொல்லாமல் சொரசொரப்பை மட்டும் சொன்னால் பதில் பாதிதான்.

கேள்வி: கரியமில வாயுவை நிலத்தடியில் சேமிக்க இது உதவுமா?

உதவும். அங்கே சிக்குவதே நமக்கு வேண்டியது. வடகடலில் நார்வே நடத்தும் ஸ்லைப்னர் திட்டத்தில் 1996 முதல், கடலடியில் உள்ள உட்சிரா மணற்கல் அடுக்குக்குள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் வாயுவைச் செலுத்தி வந்தார்கள். வாயு மேலெழும்போது பின்னால் உப்புநீர் திரும்பிவந்து அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. அப்படிச் சிக்கிய துளிகள், மேலே வாயுவைக் கசியவிடாமல் மூடியிருக்கும் பாறையை நம்பாமல் தாமாகவே நிற்கும்.

கேள்வி: பாறைக்குள் திரவ ஓட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரியில் சொரசொரப்பைச் சேர்ப்பது அவசியமா?

அவசியம் என்றே கருதுகிறேன். ஊடுகதிர் ஸ்கேனில் ஒரு படப்புள்ளி சில மைக்ரோமீட்டர் அகலம். அதைவிடச் சிறிய பள்ளங்கள் படத்தில் மறைந்துபோகின்றன. பிறகு மெருகேற்றிய தகட்டில் அளந்த தொடுகோணத்தை அந்த வழவழப்பான படத்தில் பொருத்துகிறார்கள். இரண்டிலுமே சொரசொரப்பு விடுபட்டுப்போகிறது. நுண்ணிய ஊசியால் மேடுபள்ளங்களைத் தடவி அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியால் அதே பாறையின் சுவரை அளந்து, படலத்தின் ஓட்டத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.