பேசுவதற்கு ஒரு படிப்பா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பி.எஸ்சி. உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். கவுன்சிலிங் துறைக்கு வர விருப்பம். "பேசுவதற்கு ஒரு படிப்பா?" என்கிறார் அப்பா. நீங்கள் இத்தொழிலுக்கு எப்படி வந்தீர்கள்? உங்களிடம் வருகிறவர்களுக்கு என்ன ஆலோசனை சொல்வீர்கள்?

ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

உங்கள் அப்பாவின் கேள்வி நியாயமானதுதான். இருபத்திரண்டு வயதுவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1998 இல் என் அண்ணனை வேலூர் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் சேர்த்தபோது, நோயாளியுடன் வீட்டார் ஒருவர் தங்க வேண்டும் என்ற அங்குள்ள பழைய வழக்கப்படி ஐந்து வாரம் நான் உடனிருந்தேன். அண்ணனிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எதிரே அமர்ந்திருந்த அம்மையார், "தம்பி, அவரே சொல்லட்டும்" என்றார். பிறகு வெகுநேரம் அறையில் யாரும் பேசவில்லை. அந்த அமைதியில் அண்ணன் சாதாரணமாகத்தான் இருந்தான், தவித்தவன் நான். கடைசியில் அவன் சொன்னது, அதுவரை நான் சொல்லியிருந்த எதிலும் இல்லாத ஒன்று.

அதற்குப் பின்தான் உளவியல் படிக்கப் போனேன். பயிற்சியின் முதலாண்டில் என் அமர்வுக் குறிப்புகளில் மேற்பார்வையாளர் சிவப்பு மையால் சுழித்த இடங்களெல்லாம், நான் அவசரப்பட்டு ஆறுதல் சொன்ன இடங்கள்.

ஆகவே, என்ன ஆலோசனை சொல்வேன் என்ற கேள்விக்கு, பெரும்பாலும் சொல்வதில்லை என்பதே பதில். 'ஆலோசகர்' என்ற சொல்லைவிட 'ஆற்றுப்படுத்துநர்' என்ற சொல் எனக்கு உவப்பானது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிர்ப்படும் வறிய பாணனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. நடக்க வேண்டியவன் மற்றவன்தான். ஆனாலும் உவமை முழுதாகப் பொருந்தவில்லை, ஏனெனில் அந்தப் பாணன் போய்வந்த ஊருக்கு நான் போனதில்லை.

நம் பக்கத்தில் தனியாக வருகிறவர்கள் குறைவு. நான்கு பேராக வந்து, ஒருவரைக் காட்டி, "இவங்களுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க சார்" என்பார்கள். தனியே என்னிடம் சொல்வது வீட்டாருக்குப் போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு என்பதை எல்லோரும் அமர்ந்திருக்கும்போதே சொல்லிவிடுவேன். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

பீடி சுற்றும் பெண் ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) கணவரோடும் மாமியாரோடும் வந்தார். மனச்சோர்வு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நெஞ்சை அடைக்கிறது, கை ஓடவில்லை என்றார். உடல்நோய் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னபின் பேசத் தொடங்கினோம். நாளுக்கு எண்ணூறு பீடி சுற்றியவர் இருநூறுக்கு இறங்கியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் ஏது என்று, ஒவ்வொரு வாரமும் அந்த எண்ணிக்கையையே கேட்டு வந்தேன். வீட்டில் மாமியாரும் அதே கணக்கைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மூன்றாம் அமர்வில்தான் எனக்கு உறைத்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து வெட்கப்பட்டு அந்தக் கணக்கை விட்டேன். மாலையில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய நாட்களை மட்டும் எண்ணி வரச் சொன்னேன். முதல் வாரம் ஒரு நாள். இரண்டாம் வாரமும் ஒரு நாள்தான். ஐந்தாம் வாரம் அவர் தனியாகப் பேருந்தேறி வந்தார்.

படிப்பைப் பற்றி: முதுகலைப் பட்டம் மட்டும் உங்களை மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அதற்கு, 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற பயிற்சியும், அதன் பதிவும் தேவை. மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டுமுன், நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், உங்கள் அமர்வுக் குறிப்புகளைப் படித்துத் திருத்தப் போகிறவர் யார் என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் சேராதீர்கள்.