பதில்: படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு எந்த இல்லம்?

பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு இரண்டு பராமரிப்பு இல்லங்களைப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்று பளபளப்பான புதுக் கட்டடம், இன்னொன்று பழையது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடத்தை விடுங்கள். அம்மாவின் நிலைக்கு முதல் கவலை படுக்கைப் புண்தான். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார்கள். இங்கே எப்படி, அதை எங்கே குறித்து வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். நடு இரவில் யார் திருப்புவார்கள்? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், அதில் நர்ஸ் உண்டா? இதற்கு மழுப்பினால் நானாக இருந்தால் அங்கே சேர்க்கவே மாட்டேன்.

அப்புறம், சொல்லாமல் ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் போங்கள். விடுமுறை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, ஆள் குறைவது அன்றைக்குத்தான். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது சிரமமாக இருக்கலாம். நிமிர்த்தி உட்கார வைத்து நிதானமாக ஊட்டுகிறார்களா, அவசரமாகத் திணிக்கிறார்களா என்று பாருங்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். அழைப்பு மணியும் தண்ணீரும் நன்றாக இயங்கும் கைப்பக்கம் இருக்க வேண்டும். பகலிலும் எல்லோரும் மயங்கியே கிடந்தால் தூக்க மருந்தைப் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.

ஊழியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்பதை அங்கே வரும் மற்ற குடும்பத்தாரிடம் விசாரியுங்கள்.

சேர்த்த பிறகும் வெவ்வேறு நேரங்களில் போங்கள். குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் நீங்களே பாருங்கள். அழுத்தியும் மறையாத சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே நர்ஸிடம் காட்டுங்கள்.